ஆஃப் ஆகாத வண்டி

டீச்சர் என்று ஊரே கூப்பிட்டாலும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஒரு சின்னக் கடை, உள்ளே ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சாலைக் குறிகள் அச்சடித்த ஓர் அட்டை, வாசலில் ஒரே ஒரு குட்டிக் கார். இவ்வளவுதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். முதலாளியும் அவள், வாத்தியாரும் அவள், காலையில் கடையைக் கூட்டிப் பெருக்குகிறவளும் அவள். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

காரில் அவளுடைய இடம் டிரைவர் சீட் இல்லை, பக்கத்துச் சீட். அங்கே அவள் காலடியில் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தன. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சைக்கிள் குறுக்கே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியதும், பிரேக்கை மிதிக்க வேண்டியதும் டீச்சர்தான். ஒரு நாளைக்கு இருநூறு மிதி, சில நாள் முந்நூறு. ஐம்பத்துநாலு வயதில் அவளுடைய வலது முட்டி முதலில் முனகியது, பிறகு கத்தியது. கடைசியில், கத்துவது உன் வேலை, மிதிப்பது என் வேலை என்று அவளும் அதுவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்காரர் ஓர் அரசாங்கக் கட்டிடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். சாயங்காலம் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவள் முட்டியில் வைத்துவிட்டுத் தன் ஸ்டூலில் உட்காருவார். வேலையிலும் ஸ்டூல், வீட்டிலும் ஸ்டூல். நாற்காலியில் சாய்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்பார்.

“நான் நாள் பூரா மேலயும் கீழயும் போறேன். நீ முன்னயும் பின்னயும் போற. ரெண்டு பேரும் இதுவரைக்கும் எங்கயும் போய்ச் சேரல.”

முதல் நூறு தடவை அவள் இதற்குச் சிரித்தாள். இப்போதெல்லாம், “பையைக் கொஞ்சம் மேல தள்ளி வைங்க” என்பதோடு சரி.

அந்த மாதம் ஏழு பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருக்கு லைசென்ஸ் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அடுத்த மாதம். ஏழாவது ஆளுக்கு அப்படி இல்லை. அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெண். ஆள் நல்ல உயரம், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். பன்னிரண்டு வருஷமாக நீராவியையும் பிளீச்சிங் நெடியையும் குடித்துக் குடித்து அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. இனிமேல் அந்த அறைக்குள் நிற்கக் கூடாது என்று அதே ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே நிற்காவிட்டால் சோற்றுக்கு எங்கே போய் நிற்பது என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல வேளையாக, சுற்றுவட்டாரக் கிளினிக்குகளில் எடுக்கிற ரத்த சாம்பிள்களை லேபுக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரி ஒரு சின்ன வேன் வாங்கியது. மாசக் கடைசிக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் டிரைவர் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

“நான் பாஸ் ஆயிடுவேனா டீச்சர்?” என்று அவள் தினமும் கேட்பாள்.

“என்கிட்ட கத்துக்கிட்டவங்க முதல் தடவையிலேயே பாஸ். போர்டுலயே எழுதி வச்சிருக்கேன், படிக்கலையா?”

அது விளம்பரத்துக்குச் சொன்ன பொய் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை கோட்டைவிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தான் சொல்லிக்கொடுக்கிற விதத்தைப் பற்றி டீச்சருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வப்பட அவளிடம் வேறு எதுவும் பெரிதாக இல்லை. அதனால் யாரும் அதைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாம் தேதி காலையில், தண்ணீர்த் தொட்டி மேட்டில், அந்தப் பெண் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கார் நின்றது. நிற்பது அதற்குப் புதிதல்ல. மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பிறந்ததிலிருந்தே சவலைப்பிள்ளை. கிளச்சை ஒரு நூல் அவசரமாக விட்டால் போதும், உதறிவிட்டு ஆஃப் ஆகிவிடும். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான், ஓட்டுகிறவருக்கு வியர்க்கும், கார் பின்பக்கம் உருளும், டீச்சர் பிரேக்கை மிதிப்பாள். ஆனால் அன்றைக்கு நின்ற விதம் வேறு. பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. உள்ளே யாரோ சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டினார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

“நான் என்ன பண்ணிட்டேன் டீச்சர்?” பெண்ணுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

“நீ ஒண்ணும் பண்ணலம்மா. அதுக்கு நேரம் வந்துருச்சு. இறங்கு, ஓரமாத் தள்ளலாம்.”

மெக்கானிக்குக்கு ‘சத்தியம்’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் ஒரு ‘சத்தியமா’ போடாமல் அவனுக்கு வாய் திறக்காது. அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். ஆயில் பார்க்கிற கம்பியை உருவி அவளிடம் காட்டினான். ஆயிலும் தண்ணீரும் கலந்து வெளுத்த கஞ்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“பிளாக்கே விரிசல் விட்டிருச்சுக்கா. சத்தியமா சொல்றேன், இதைத் திறந்து பாக்கறது பிணத்துக்கு வைத்தியம் பாக்கற மாதிரி. வேற இன்ஜின்தான் போடணும். என்கிட்ட ரெண்டு இருக்கு, வாங்க.”

பட்டறையின் பின்பக்கம் ஒரு பழைய டயரின்மேல் ஒரு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. சின்னது, துடைத்துவைத்தது.

“இது உங்க வண்டில இருந்த அதே ஜாதி. எல்லா போல்ட்டும் அப்படியே உக்காரும், நாலு நாள் வேலை. பழையபடி ஓடும்.”

“பழையபடின்னா?”

“பழையபடிதான்க்கா. தும்மினா ஆஃப் ஆகும்.”

இன்னொன்று ஒரு காருக்குள்ளேயே இருந்தது. அவள் கார் மாதிரியே ஒரு கார், பின்பாதி நசுங்கி, முன்பாதி புத்தம்புதுசு.

“இது இதே மாடல், டீசல்ல வந்தது. பின்னாடி லாரி இடிச்சு பாடி போச்சு. இன்ஜின், கியர்பாக்ஸ், டேங்க், வயரிங் எல்லாத்தையும் தூக்கி உங்க பாடில வச்சிடலாம். எடை அதிகம், முன்பக்கம் ஸ்பிரிங் மாத்தணும். ஆர்.சி. புத்தகத்துல இன்ஜின் நம்பர் மாத்தற வேலையையும் நானே பாத்துக்கறேன். ஆறு நாள் ஆகும். ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா. கிளச்சை எப்படி விட்டாலும் சத்தியமா இது ஆஃப் ஆகாது. மேட்டுல ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஏறும். இழுவை அப்படி.”

எந்த இன்ஜின் நல்லது என்று மற்றவர்கள் நூறு விஷயம் பார்ப்பார்கள். எவ்வளவு குடிக்கும், எவ்வளவு புகைக்கும், ஸ்பேர் கிடைக்குமா, மழையில் மக்கர் பண்ணுமா. டீச்சரும் ஒப்புக்கு அதையெல்லாம் கேட்டாள். அவன் சொன்ன பதில் எதுவும் காதில் ஏறவில்லை. ஆஃப் ஆகாது என்ற ஒரு சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். ஆஃப் ஆகாத வண்டி பின்னால் உருளாது. உருளாத வண்டிக்குப் பிரேக் மிதிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நூறு மிதி குறைந்தாலும் போதும், சாயங்காலம் மாடிப்படியைப் பார்த்து அழாமல் ஏறலாம்.

அந்தச் சலவைக்கூடத்துப் பெண்ணும் இதில் சுலபமாகக் கற்றுக்கொள்வாள் என்று ஒரு நியாயமும் கையோடு கிடைத்தது. நமக்கு வேண்டியதைச் செய்யும்போது, அது அடுத்தவருக்கும் நல்லது என்று ஒரு நியாயம் எப்படியும் கிடைத்துவிடும்.

“டீசலையே போட்டுருப்பா,” என்றாள்.

ஆறு நாள் கழித்து வண்டி வந்தது. மெக்கானிக் இந்த ஒரு விஷயத்தில் முழுச் சத்தியவான். கிளச்சைப் படாரென்று விட்டால் கார் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு நகர்ந்தது. மேட்டில் மெதுவாக விட்டாலும் நகர்ந்தது. பயத்தில் கை நடுங்கினாலும், கால் நடுங்கினாலும், கியரை மாற்றிப் போட்டாலும் எருமை மாதிரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஹாரன் சத்தமே கேட்கவில்லை. ஏழு பேர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. சலவைக்கூடத்துப் பெண் ஓட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். முன்பெல்லாம் மேட்டில் மூச்சே விடமாட்டாள்.

டீச்சர் பல வருஷத்துக்குப் பிறகு காலை நீட்டி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். ஒரு நாள் சாயங்காலம் வெந்நீர்ப் பை வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். வீட்டுக்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை போன ஆள் மாதிரி நின்றார்.

பதினேழாம் தேதி டெஸ்ட்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்டுக்கு ஸ்கூல் வண்டியை விடமாட்டார்கள். அதில் பக்கத்துச் சீட்டிலும் பெடல் இருப்பதால் வாத்தியார் கள்ளத்தனமாக உதவிவிடுவார் என்று சந்தேகம். அதனால் லைசென்ஸ் ஆபீஸ் தன் கார் ஒன்றை வைத்திருந்தது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார், டீச்சரின் பழைய வண்டிக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற கார். கிளச் என்றால் எல்லா வண்டியிலும் கிளச்தானே, சொல்லிக்கொடுக்கிறவள் நான்தானே என்று நினைத்துவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும்.

ஏழு பேரில் ஐந்து பேர் சரிவு மேடையில் கோட்டைவிட்டார்கள். சரிவு மேடை என்பது ஆபீஸ் வளாகத்துக்குள் சிமெண்டால் கட்டிய ஒரு சின்ன ஏற்றம். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். மூன்று வாய்ப்பு. சலவைக்கூடத்துப் பெண் மூன்றிலும் கிளச்சை விட்டாள், மூன்றிலும் கார் உதறிவிட்டு ஆஃப் ஆனது. மூன்றாவது தடவை பின்னால் உருண்டு ஒரு கம்பத்தைத் தொட்டது.

வெளியே வந்தவள் அழவில்லை. டீச்சர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தன் நீளமான கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

“உங்க மேல தப்பே இல்ல டீச்சர். நீங்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க. எனக்கு மண்டையில ஏறல. துணி துவைக்கிறவளுக்கு எதுக்கு ஸ்டியரிங்னு அந்த இன்ஜினுக்கே தெரிஞ்சிருக்கு.”

டீச்சர் எழுந்து ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாள். மறு டெஸ்ட் இருபத்தெட்டாம் தேதி என்று ஜன்னலில் எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கி அவளிடம் கொடுத்தாள். 

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னால் டீச்சர் தனியாகத் தன் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இன்ஜினைக் கிளப்பி, முதல் கியர் போட்டு, வேண்டுமென்றே கிளச்சைத் திடீரென்று விட்டாள். வண்டி குலுங்கிவிட்டு நகர்ந்தது. இன்னும் மோசமாக விட்டாள். அப்போதும் நகர்ந்தது. என்ன தப்புச் செய்தாலும் இது மன்னித்துவிடுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய சவலை இன்ஜின் எதையும் மன்னிக்காது. தப்பாக விட்டால் ஆஃப் ஆகி, ஊரையே ஹாரன் அடிக்கவைத்து, மானத்தை வாங்கி, சரியாக விடும்வரை விடாது. முதல் தடவையிலேயே பாஸ் என்று போர்டில் எழுதி வைத்திருந்தாளே, அந்தப் பாதிப் பெருமை அந்த நோஞ்சான் இன்ஜினுக்குச் சேர வேண்டியது. அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இனி மறுபடியும் முதலிலிருந்தா என்ற அலுப்புத்தான் அதிகம்.

மெக்கானிக்கிடம் போனாள். டயரின்மேல் இருந்த இன்ஜின் போய்விட்டிருந்தது.

“சத்தியமா போன வாரம்தான்க்கா கொடுத்தேன். வேற வர இருபது நாள் ஆகும்.”

மறு டெஸ்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் பாடத்துக்கு அந்தப் பெண் வந்தாள், வேண்டாவெறுப்பாக. தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. டீச்சரின் கால் பழக்கத்தில் பிரேக்கைத் தொட்டது. அந்த நேரம் பெண் கிளச்சை விட, டீசல் இன்ஜின் ஒரு உதறு உதறி ஆஃப் ஆனது. வந்த நாளிலிருந்து முதல் தடவை.

பெண் பயந்து திரும்பினாள். டீச்சர் தன் காலைப் பார்த்தாள். பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தால் இந்த எருமையும் நோஞ்சானாகிவிடும். எவ்வளவு அழுத்தம் என்று காலுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒரேயடியாக மிதித்துவிட்டு எடுக்கிற பிரேக் இல்லை இது, ஒவ்வொரு கிளப்பலுக்கும் முட்டியை அரைகுறையாக மடக்கி நடுவில் பிடித்து நிறுத்த வேண்டும். எந்த முட்டிக்கு ஓய்வு என்று இந்த இன்ஜினைப் போட்டாளோ, அதே முட்டியை வைத்து இன்ஜினின் பலத்தைக் குறைக்க வேண்டும்.

நாலு தடவை அப்படி அழுத்தினாள். நாலு தடவையும் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஹாரன். பெண்ணின் கண் கலங்கியது.

“பாத்தீங்களா டீச்சர்? இதுல கூட எனக்கு வரல.”

இதற்குமேல் டீச்சரால் தாங்க முடியவில்லை.

“வண்டி உன்னால ஆஃப் ஆகலம்மா. நான்தான் இந்தப் பக்கம் பிரேக்கை அழுத்திக்கிட்டிருக்கேன். நேத்து நீ ஃபெயில் ஆனதும் உன்னால இல்ல. இந்த இன்ஜின் நீ பண்ற தப்பை எல்லாம் மூடி மறைச்சிருச்சு. ஆபீஸ் வண்டி மறைக்கல. சின்ன இன்ஜினும் இருந்துச்சு, நான்தான் வேண்டாம்னேன். என் முட்டி வலிக்குதுன்னு இதைப் போட்டேன். உன் வேலையை நினைச்சுப் பாக்கல.”

பெண் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“ஆபீஸ் வண்டி இதைவிட மோசமா டீச்சர்?”

“ஆமா. இன்னும் கொஞ்சம் மோசம்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் அழுத்துங்க.”

டீச்சர் அழுத்தினாள்.

பத்து நாள் அழுத்தினாள். மற்ற நாலு பேருக்கும் சேர்த்து. வீட்டுக்காரருக்கு மறுபடி வேலை கிடைத்தது. வெந்நீர்ப் பை போதாமல் தைலம், தைலம் போதாமல் துணிக்கட்டு. “எதுக்குடி இவ்வளவு?” என்று அவர் ஒரே ஒரு நாள் கேட்டார். அவள் கட்டுத் துணியை எடுத்து நீட்டினாள், அவர் மறுபடி கேட்கவில்லை. பெண்ணுக்கு மெல்ல மெல்லக் கால் வசப்பட்டது. கிளச் பிடிக்கிற இடத்தில் இன்ஜின் முனகும் பாருங்கள், அந்த முனகலைக் காதால் பிடித்து, அங்கேயே காலை நிறுத்தி, ஒரு சொட்டு ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளப்பினாள். பத்தில் மூன்று, பத்தில் ஆறு, கடைசி நாள் பத்தில் பத்து. டீச்சர் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கவில்லை. அன்றைக்கு வலித்த வலியில் டீச்சருக்கு அதைப் பாராட்டக்கூடத் தெம்பில்லை. “போதும், வீட்டுக்குப் போ,” என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி டெஸ்ட் நடக்கும்போது, சரிவு மேடையைச் சுவர் மறைத்ததால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குச் சத்தம் மட்டும் கேட்டது. ஆபீஸ் கார் ஏறியது. நின்றது. இன்ஜின் சத்தம் தணிந்து, முனகி, இதோ ஆஃப் ஆகிறது என்ற இடத்துக்கு வந்து, ஒரு நொடி அங்கேயே தொங்கி, பிறகு மெல்ல எழுந்து ஏறிப் போனது. டீச்சர் மூச்சை விட்டாள்.

பெண் வெளியே வந்தாள். தற்காலிக லைசென்ஸ் சீட்டைப் பிடித்த கையோடு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். “கிடைச்சிருச்சு சார். ஆமா, கையில இருக்கு. நாளைக்கே வரேன்.” போனை வைத்துவிட்டுத்தான் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கார் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். முன்கதவைத் திறந்தாள். டீச்சர் தன் சீட்டுக்கு முன்னால் இருந்த அந்த இரண்டு பெடலையும் பார்த்தாள்.

“பின்னாடி உக்காந்துக்கறேன்மா. நீயே ஓட்டு.”

“பக்கத்துல நீங்க இல்லாமயா?”

“லைசென்ஸ் உன் கையில இருக்கு, என் கால்ல இல்ல. ஓட்டு.”

தன் காரின் பின்சீட்டில் டீச்சர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாடத்துக்கு வைக்கிற பிளாஸ்டிக் கூம்புகள் ஒரு பக்கம் கிடந்ததால் டிரைவருக்கு நேர்பின்னால் உட்கார வேண்டியிருந்தது. உயரமான பெண் சீட்டைப் பின்னால் தள்ளியிருந்ததால் முழங்கால் வைக்க இடமில்லை. பெண் கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் பார்த்து, வண்டியை எடுத்தாள். நன்றாகத்தான் எடுத்தாள். ஆனாலும் டீச்சரின் கால் பெடலைத் தேடியது. காலுக்கடியில் வெறும் மிதியடி. பஸ் நிலையத்துத் திருப்பத்தில் ஒரு மினிபஸ் மூக்கை நீட்டியது. டீச்சரின் கால் தானாகவே முன்சீட்டை ஓங்கி மிதித்தது.

கார் சாலைக் கோட்டுக்கு முன்னால் மெதுவாக நின்றது. மினிபஸ் போனது.

“டீச்சர், என் முதுகுல மிதிக்கறீங்க.”

“பழக்கம்மா. மன்னிச்சிரு.”

பெண் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். “காலை எடுத்து வச்சு உக்காருங்க. பிரேக் நான் போட்டுக்கறேன்.”

பத்தொன்பது வருஷத்தில் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. டீச்சர் காலை எடுத்துக் கூம்புகளின் மேல் நீட்டி வைத்துக்கொண்டாள்.